தும்மலுக்கு அனுமதி இல்லை!

"பெரம்பலூருக்குப் போகிறேன்" என்று சொன்னால் மாம்பலத்தில் யாரும் பொறாமைப்படுவதில்லை. கொடைக்கானல் என்றால் "அடேயப்பா!" என்பார்கள். கன்னியாகுமரி என்றால் "சங்கு வாங்கி வாருங்கள்" என்பார்கள். பெரம்பலூர் என்றதும் பக்கத்து வீட்டு மாமி, "திருச்சிக்குப் போகிற வழியில் காபிக்கு நிறுத்துவார்களே, அந்த ஊர்தானே? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

அந்த ஊர்தான். ஆனால் அப்போது மாமி சாம்பாருக்காக உரித்துக்கொண்டிருந்த சின்ன வெங்காயம் அநேகமாக அந்த ஜில்லாவில் விளைந்ததாகவே இருக்கும். அவர் சாய்ந்திருந்த சுவரின் சிமெண்டு அடுத்த ஜில்லாவான அரியலூரிலிருந்து வந்திருக்கலாம். அந்த வெங்காய மூட்டையைக் கோயம்பேட்டில் தலையில் சுமந்து இறக்கியவரும் இந்த இரண்டில் ஒரு ஜில்லாக்காரராக இருக்க நியாயம் உண்டு. இதையெல்லாம் மாமியிடம் சொன்னேன். "அப்படியானால் அங்கே யார்தான் பாக்கி இருக்கிறார்கள்?" என்றார் மாமி.

நான் பார்க்கப் போனது அந்தப் பாக்கி இருப்பவர்களைத்தான். பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட்ட பிறகு, வீட்டில் இருக்கும் கிழவர் கிழவிகளை. அதிலும் முக்கியமாக, அவர்கள் மூச்சை. சளி, இருமல், இளைப்பு, கடைசியில் நிமோனியா என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்து வயசானவர்களைக் கட்டிலில் சாய்த்துவிடுகிற வியாதிகள் அங்கே எப்படி வருகின்றன, யார் தடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை. மாம்பலத்திலும் மாமியார்கள் இருக்கிறார்கள் அல்லவா?

சென்னையிலிருந்து பெரம்பலூர் சுமார் 270 கிலோமீட்டர். ரயில் கிடையாது, ஜில்லாத் தலைநகராக இருந்தும் பெரம்பலூர் இன்னும் ரயிலைப் பார்க்கவில்லை. பஸ்ஸில்தான் போக வேண்டும். ஊர் நெருங்குவதற்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலைப் பக்கத்திலேயே ரஞ்சன்குடிக் கோட்டை வருகிறது. 1751-இல் இந்த வட்டாரத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சண்டை போட்டிருக்கிறார்கள். இப்போது பஸ்ஸில் பாதிப் பேர் அதைத் தூக்கத்திலேயே தாண்டிவிடுகிறார்கள். என்னுடன் வந்த ஓவியர் மட்டும் ஜன்னல் வழியாகவே கோட்டையைப் படம் எழுதிவிட்டார். எழுதி முடித்ததும் ஒரு தும்மல் போட்டார். அந்தத் தும்மலை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு ஜில்லாக்களின் சரித்திரம் ஒரு குடும்பக் கதை மாதிரி. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-இல் அரியலூர் தனிக்குடித்தனம் போயிற்று. 2002-இல் திரும்பிப் புக்ககம் வந்து சேர்ந்தது. 2007-இல் மறுபடி தனிக்குடித்தனம். இந்தத் தடவை ஒத்துப்போய்விட்டது. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி பெரம்பலூரில் 5,65,223 பேர்; அரியலூரில் 7,54,894 பேர். அந்தக் கணக்கிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். வேலைக்கு வெளியூர் போகிற பூமியில், தெருவில் நடந்து பார்த்தால் அதைவிட ஜாஸ்தியாகத்தான் கண்ணில் படுகிறார்கள்.

பெரம்பலூருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம். பெயரை எழுத வேண்டாம் என்று பொறுப்பாளர் அம்மாள் கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. இருபது கட்டிலுக்குச் சற்று மேல். ஓட்டுக் கட்டிடம், முன்னால் ஒரு வேப்பமரம், பின்னால் கீரைப் பாத்தி. கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே கால் வைத்தோம். வைத்த நிமிஷத்தில் எங்கள் ஓவியர் இன்னொரு தும்மல் போட்டார்.

"சார், நீங்க உள்ளே வர வேண்டாம்" என்றார் அந்த அம்மாள்.

கோபமில்லை, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத குரல். ஓவியர் திகைத்துப் போனார். "வெறும் ஜலதோஷம்தானே அம்மா! ஒரு படம் எழுதிக்கொண்டு போய்விடுகிறேன்" என்று மன்றாடினார்.

"உங்களுக்கு ஜலதோஷம். நாளன்னிக்குச் சரியாப் போயிடும். உள்ளே படுத்திருக்கிற பெரியவருக்கு அதுவே நெஞ்சுச் சளி. அவருக்கு எண்பத்து நாலு வயசு. போன மழைக்கு இப்படித்தான் ஒருத்தரு பார்க்க வந்தாரு. ஆறு கட்டிலுக்கு இருமல் பரவி, ரெண்டு பேரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். ஒருத்தர்தான் திரும்பி வந்தாரு."

அதற்குமேல் ஓவியர் பேசவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு, சுக்குக் காப்பி கொடுத்து அவரை உட்காரவைத்தார்கள். வாசல் ஜன்னல்களைப் பார்த்தபடியே அவர் எழுதின படம்தான் இது. முகங்கள் இல்லாமல் ஜன்னல்கள் மட்டும் இருப்பதற்குக் காரணம் அதுதான். எனக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி, மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் ஒன்று கொடுத்து உள்ளே விட்டார்கள்.

ஒரே நீளக் கூடம். இரண்டு வரிசையாகக் கட்டில்கள். கட்டிலுக்குக் கட்டில் நடுவே ஒருவர் தாராளமாகப் போய்வரும் இடைவெளி. ஜன்னல்கள் எல்லாம் விரியத் திறந்திருந்தன. "மார்கழியிலே இதுக்குத்தான் தினம் சண்டை" என்றார் அம்மாள். "பனின்னு அவங்க மூடுவாங்க. நான் திறப்பேன். அப்புறம் போர்வையைக் கொண்டாந்து போர்த்திவிடுவேன். பனியிலே சளி பிடிக்கும்னு நாமெல்லாம் நெனைக்கிறோம். டாக்டர் சொல்றாரு, பனியிலே இல்லை, மூடின அறையிலே ஒருத்தர் விட்ட மூச்சை இன்னொருத்தர் இழுக்கிறதாலேதான் பிடிக்குதுன்னு."

வயசானால் நம் நெஞ்சுக்குள் இருக்கிற காவல் தளர்ந்துவிடுகிறது. மூச்சுக்குழாயின் உள்பக்கம் பூராவும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிரிழைகள் இருக்கின்றன. நெல் வயலில் காற்று அடித்தால் கதிர் சாய்வது போல அவை ஓயாமல் அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். வயது ஏற ஏற அந்த அசைவு மந்தமாகும். இருமி வெளியே தள்ளும் பலமும் குறையும். இளையவரின் மூக்கோடு நின்றுவிடுகிற அதே கிருமி, பெரியவரிடத்தில் கீழே இறங்கி நுரையீரல்வரை போய்விடும். இன்ஃபுளுயென்சா போன்ற காய்ச்சல் வந்து போன கையோடு நிமோனியாக் கிருமியும் வந்து குடியேறுவது உண்டு. முதியோர் இல்லம் என்றால் ஒரே கூடம், ஒரே சாப்பாடு, ஒரே ஆயாவின் கை. கிருமிக்கு இதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்?

நான் போனபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். மூன்றாவது கட்டில் பெரியவர் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று புரையேறியது. "யாரோ நெனைக்கிறாங்க" என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். "துபாய்க்காரனாத்தான் இருக்கும்" என்றார் பெரியவர், இருமலுக்கு நடுவே. அவருடைய மகன் துபாயில் இருக்கிறாராம். முகத்தில் ஒரு சந்தோஷம்.

அங்கிருந்த ஆயாவுக்கு மட்டும் அந்தச் சந்தோஷம் இல்லை. தட்டைச் சட்டென்று நகர்த்திவைத்தார். பெரியவரை நிமிர்த்தி உட்காரவைத்து, இருமி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு மோவாயைக் கொஞ்சம் கீழே தாழ்த்தச் சொல்லி, சிறு கவளமாகக் கொடுத்தார். ஒரு வாய் விழுங்கின பிறகுதான் அடுத்த வாய்.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று நாம் எல்லோரும் தலையில் தட்டியிருக்கிறோம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அடிக்கடி புரையேறினால் மட்டும் அதை அப்படி விட்டுவிடக் கூடாது. பக்கவாதம் வந்தவர்களுக்கும், ஞாபகம் தப்பினவர்களுக்கும், நடுக்கு வாதக்காரர்களுக்கும் விழுங்குகிற தசைகள் தளர்ந்திருக்கும். சோறும் தண்ணீரும், தூக்கத்தில் எச்சிலும்கூட, வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போகும். வாயில் உள்ள கிருமிகளும் கூடவே போகும். முதியோருக்கு வருகிற நிமோனியாவில் ஒரு பகுதி இப்படி வருவதுதான். அதனால்தான் அந்த இல்லத்தில் யாரையும் படுக்கவைத்து ஊட்டுவதில்லை. சாப்பிட்டு அரை மணி நேரம்வரை சாய விடுவதில்லை. தண்ணீரைவிடக் கஞ்சிப் பதம் சிலருக்குப் பத்திரம் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் இரண்டு பேருக்குத் தனியாகக் கஞ்சி.

சாப்பாடு முடிந்ததும் இன்னொரு காரியம் நடந்தது. ஆயா ஒரு கிண்ணமும் மிருதுவான பிரஷ்ஷும் கொண்டுவந்து, தானாகத் துலக்க முடியாதவர்களுக்குப் பல் துலக்கிவிட்டார். பல் இல்லாதவர்களுக்கு ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைத்தார். பல் செட்டுகளைக் கழற்றி வாங்கிக் கழுவினார். "இது எதற்கு? பெரியவர்கள் எங்கும் விருந்துக்குப் போகிறார்களா?" என்று வேடிக்கையாகக் கேட்டேன்.

"இதுவும் நெஞ்சுக்குத்தான்" என்றார் அம்மாள்.

ஜப்பானில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பதினோரு முதியோர் இல்லங்களில் இரண்டு வருஷம். பாதிப் பேருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பராமரிப்பவர்கள் பல் துலக்கிவிட்டார்கள். பல் வைத்தியரும் அவ்வப்போது வந்து பார்த்தார். மற்றப் பாதியை வழக்கப்படி விட்டுவிட்டார்கள். வழக்கப்படி விட்டவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு நிமோனியா வந்தது. பல் துலக்கிவிட்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குத்தான் வந்தது. 1999-இல் 'லான்செட்' வைத்தியப் பத்திரிகையில் இது வெளியாயிற்று. செலவு ஒரு பிரஷ். வேண்டியது ஒருவருடைய பொறுமை. இதைப் படிக்கும் மருமகள்மார்கள் "சரிதான், இதுவும் நம் தலையிலா?" என்று பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. மகன்களுக்கும் கை இருக்கிறது என்பதை இங்கே அச்சில் போட்டு வைக்கிறேன்.

எட்டாவது கட்டில் பாட்டியின் கதையைக் கேட்டு நான் அசந்துபோனேன். ஒரு நாள் காலை அந்தப் பாட்டி காப்பி வேண்டாம் என்றாராம். காப்பி வேண்டாம் என்று அவர் சொன்னதே கிடையாது. கொஞ்ச நேரம் கழித்து, தினம் பார்க்கிற ஆயாவைச் செத்துப்போன தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். காய்ச்சல் இல்லை. இருமல்கூடப் பெரிதாக இல்லை. "வயசாச்சு, புத்தி தடுமாறுது" என்று சுற்றி இருந்தவர்கள் சொன்னார்கள். பொறுப்பாளர் அம்மாள் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டியின் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுதும் எண்ணினார். முப்பத்திரண்டு. உடனே 108-க்குப் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தால் வலது பக்கம் நிமோனியா. பத்து நாளில் பாட்டி திரும்பி வந்து காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போட்டார்.

வயசானவர்களுக்கு நிமோனியா இப்படித்தான் திருட்டுத்தனமாக வரும். சிறு பிள்ளைகளைப் போல் உடம்பு கொதிக்க வேண்டும் என்பதில்லை. சாப்பிட மறுப்பது, திடீரென்று புத்தி தடுமாறுவது, காரணமில்லாமல் தடுக்கி விழுவது, நாளெல்லாம் தூங்கிக்கொண்டே இருப்பது, இவைதான் அடையாளம். மூச்சு நிமிஷத்துக்கு முப்பதை எட்டிவிட்டால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. 2020, 2021-இல் விரலில் மாட்டிப் பார்க்கும் சின்னக் கருவியை வாங்கி, பிறகு மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டார்களே, அதை எடுத்துத் தூசி தட்டி, பாட்டரி மாற்றி வைக்கலாம். வழக்கமாக நல்ல எண் காட்டுகிறவருக்கு 94-க்குக் கீழே இறங்கினால் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் சளியைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். காசநோய் கிழவர்களை விட்டுவைப்பதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தப் பரிசோதனைக்குக் காசு கிடையாது.

சாயங்காலம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அம்மாளிடம் கேட்டேன்: "வருகிறவர்களை இவ்வளவு கண்டிப்பாக நிறுத்துகிறீர்களே, அவர்கள் வருத்தப்பட மாட்டார்களா?"

"வருத்தப்படுறாங்கதான். ஒரு பொண்ணு வாசல்லேயே அழுதிருக்கு. நானும் கூட அழுதேன். ஆனா உள்ளே விடலே. இன்னொண்ணு, வர்றவங்களைவிட எங்களைத்தான் நாங்க பார்த்துக்கணும். ஆயாவுக்குச் சளின்னா அன்னிக்கு லீவு. சம்பளம் பிடிக்க மாட்டேன். பிடிச்சா, சளியை மறைச்சுக்கிட்டு வந்துடுவாங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் இரண்டு தடவை எழுதிக்கொண்டேன். காரணம் உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துக்குப் பக்கத்தில் கிர்க்லண்ட் என்று ஓர் ஊர். அங்கே லைஃப் கேர் சென்டர் என்ற பராமரிப்பு இல்லத்தில் 2020 பிப்ரவரிக் கடைசியில் கொரோனா தெரியவந்தது. மார்ச் 18-ஆம் தேதி கணக்கெடுத்தபோது அந்த ஒரே இல்லத்தோடு சம்பந்தப்பட்ட நோயாளிகள் 167 பேர்: அங்கே தங்கியிருந்த முதியவர்கள் 101, வேலை செய்தவர்கள் 50, பார்க்க வந்தவர்கள் 16. முதியவர்களில் மூன்றில் ஒருவர் இறந்துபோனார். பணத்துக்கோ வைத்தியத்துக்கோ குறைவில்லாத நாடு. எப்படிப் பரவியது என்று விசாரித்தவர்கள் எழுதிய காரணங்களில் இரண்டு, உடம்பு சரியில்லாமலே வேலைக்கு வந்தவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தவர்கள். ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று பயந்து ஒருவர் தும்மலை அடக்கிக்கொண்டு வருவதன் விலை இப்படியும் ஆகலாம்.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கத்தில் வேறொரு விதமாக யோசித்தார்கள். முதியவர்களுக்குத் தடுப்பூசி போட்டால் அவர்கள் உடம்பு அதைச் சரியாக ஏற்பதில்லை. ஆகவே அவர்களைக் கவனிக்கிறவர்களுக்குப் போட்டுப் பார்ப்போம் என்று. 1994-95 குளிர்காலத்தில் பன்னிரண்டு ஆஸ்பத்திரிகளில் செய்தார்கள். ஊழியர்களுக்கு இன்ஃபுளுயென்சா ஊசி போட்ட இடங்களில் முதியோர் சாவு நூற்றுக்கு 10. போடாத இடங்களில் 17. பிற்பாடு சில நிபுணர்கள் "அத்தனை வித்தியாசம் இருக்க முடியாது" என்று தர்க்கம் செய்திருக்கிறார்கள். செய்யட்டும். பாட்டிக்கு ஊட்டுகிற கை ஊசி போட்டுக்கொண்ட கையாக இருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

பேரக் குழந்தைகளின் ஊசி விஷயமும் இதே மாதிரிதான். நிமோனியாவுக்குக் காரணமான கிருமிகளில் முக்கியமான ஒன்றுக்கு எதிராக 2021 முதல் தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கு இலவசமாக ஊசி போடுகிறார்கள். அமெரிக்காவில் 2000-இல் இப்படி ஆரம்பித்தபோது, ஊசியே போட்டுக்கொள்ளாத தாத்தா பாட்டிகளிடமும் அந்தக் கிருமியின் கொடுமை குறைந்துவிட்டது. மடியில் உட்கார்ந்து மூக்கு ஒழுகுகிற பேரனிடமிருந்துதானே அது அவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது!

மறுநாள் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பஸ். முப்பது கிலோமீட்டர் சுமார். கரிசல் மண்ணில் பருத்தியும் மக்காச்சோளமும் வந்துபோய், மெல்ல மெல்ல நிலம் வெளுக்கிறது. சுண்ணாம்புக்கல் பூமி. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலின் சிப்பியும் கிளிஞ்சலும் படிந்து கெட்டியானதுதான் இன்று வெட்டியெடுக்கிற கல். பெரம்பலூர் ஜில்லாவில் சாத்தனூரில் ஓர் ஓடைப் பக்கம் 18 மீட்டர் நீளத்தில் கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறது. 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் என்ற மண்ணியல் நிபுணர் கண்டுபிடித்தார். பன்னிரண்டு கோடி வருஷத்து மரம் என்கிறார்கள். ஓவியர் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். அவர் ஜலதோஷத்தை அங்கே யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள் அல்லவா?

அரியலூர்ப் பக்கம் சாலையில் கல் லாரிகளும் சிமெண்டு லாரிகளும் வரிசையாகப் போகின்றன. அவை போன பிறகு ஓரத்து வேப்பிலைகளின் மேல் சாம்பல் பூசினாற்போல் ஒரு படலம். பழைய கடலின் கிளிஞ்சல்தான் தூளாகிக் காற்றில் பறக்கிறது என்று எண்ணினால் கவிதையாக இருக்கிறது. சாலையோர வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற இளைப்புக்காரக் கிழவருக்கு அது கவிதை இல்லை. தூசி, அடுப்புப் புகை, பீடி மூன்றுமே, மூச்சுக்குழாயின் அந்த மெல்லிய மயிரிழைகளைச் செயலிழக்கச் செய்கின்றன. காஸ் அடுப்பு வந்த வீடுகளில்கூடக் குளிக்க வெந்நீர் மட்டும் விறகில்தான் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். யார் ஊதுகிறார்கள்? பாட்டிதான். வேறு வேலை செய்ய முடியாததால் அடுப்பு ஊதுகிற வேலை பாட்டிக்கு!

அரியலூர் என்றால் பழைய தலைமுறைக்கு 1956 நவம்பர் 23-ஆம் தேதி மருதையாற்றில் நடந்த ரயில் விபத்துதான் ஞாபகம் வரும். லால்பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரிப் பதவியை விட்டது அதற்காக. இப்போதைய தலைமுறைக்கு இன்னொரு தேதி இருக்கிறது. 2020 மே 6.

அந்த வருஷம் மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும் கோயம்பேடு மார்க்கெட் நடந்துகொண்டுதான் இருந்தது. சென்னை சாப்பிட வேண்டாமா? ஏப்ரல் கடைசியில் மார்க்கெட்டிலேயே நோய் பரவியது தெரிந்தது. மே 5-ஆம் தேதி மூடினார்கள். மூட்டை தூக்கியவர்கள், வண்டி தள்ளியவர்கள் எல்லோரும் கிடைத்த லாரியிலும் வானிலும் ஏறிச் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம். மே 6-ஆம் தேதி தமிழ்நாடு பூராவும் கண்ட புது நோயாளிகள் 771 பேர். சென்னையில் 324. அதற்கு அடுத்து, அதுவரை அதிகம் பேசப்படாத அரியலூரில் 188!

ஊர் நடுங்கிப் போயிற்று. திரும்பி வந்தவர்கள் அநேகமாக வாலிபர்கள். பெரும்பாலோருக்கு உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர்கள் திரும்பி வந்தது யாரிடம்? கூரை வீட்டில், ஓட்டு வீட்டில், ஒரே அறையில் படுத்திருக்கிற தாய் தகப்பனிடம். நம் நாட்டு முதியோர் இல்லம் என்பது பெரும்பாலும் அந்த ஓர் அறைதானே. கிர்க்லண்டில் நூறு கட்டில் ஒரே கூரையின் கீழ் இருந்தது. இங்கே நூறு கூரையின் கீழ் ஒவ்வொரு கட்டில். வித்தியாசம் அவ்வளவுதான்.

திரும்பி வந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் தங்கவைத்தார்கள். பரிசோதனை செய்தார்கள். வீட்டுக்குப் போகும் முன்பே நிறுத்தினார்கள்.

அரியலூருக்குச் சற்றுத் தள்ளி ஒரு கிராமத்தில் அப்படி நிறுத்தப்பட்ட ஒருவரின் தாயாரைப் பார்த்தேன். "பாட்டி" என்று கூப்பிட்டேன். "இங்கே எல்லாரும் அப்பாயிம்பாங்க தம்பி, நீயும் அப்படியே கூப்பிடு" என்றார். எழுபத்தெட்டு வயது. காது கூர்மை, பேச்சு அதைவிடக் கூர்மை. நெஞ்சில் மட்டும் ரொம்ப நாளாக ஒரு கரகர சத்தம். நாற்பது வருஷம் விறகடுப்பு.

"பள்ளிக்கூடம் ரெண்டு தெரு தள்ளித்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் என் மவன் நிக்கிறான். இந்தப் பக்கம் நான் நிக்கிறேன். கருவாட்டுக் குழம்பு வச்சு எடுத்துட்டுப் போனேன். போலீசுக்காரரு வாங்கி உள்ளே குடுத்தாரு. 'கிட்ட வராதே அம்மா'ன்னு கத்துறான். பெத்தவளைப் பார்த்து வராதேங்கிறானேன்னு அப்ப எனக்கு நெஞ்சு கொதிச்சுது."

"அப்புறம்?"

"பதினாலு நாளு. தினம் போயி நின்னேன். அப்புறம் வந்தான். எனக்கு ஒண்ணும் வரலே." சற்று யோசித்தார். "மேலத் தெருவிலே ஒருத்தன் ராத்திரியோட ராத்திரியா வாய்க்கா வழியா வூட்டுக்கே வந்துட்டான். ஆசைதான், வேறென்ன? அவங்க அப்பாரு..." என்று கையை விரித்துக் காட்டினார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கேரளத்தில் 2020 மார்ச்சில் இத்தாலியிலிருந்து திரும்பிய மகன் குடும்பத்திடமிருந்து 93 வயதுத் தாத்தாவுக்கும் 88 வயதுப் பாட்டிக்கும் கொரோனா வந்தது. கோட்டயம் அரசாங்க மெடிகல் காலேஜ் ஆஸ்பத்திரியில் இருவரும் பிழைத்து வீடு திரும்பினார்கள். வயது ஆகிவிட்டதே என்று கைவிட வேண்டியதில்லை. கவனிக்கிற கை இருந்தால் தொண்ணூறும் எழுந்து நடக்கிறது. அரியலூருக்கும் இப்போது அந்தச் சௌகரியம் வந்திருக்கிறது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று இங்கே. கிராமத்துக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிற 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் ஆரம்பித்தது. அப்பாயி வீட்டுக்கும் ஒரு பெண் வருகிறார். நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதும் அவர்தானாம்.

ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். பெரியவர்களுக்கான நிமோனியா ஊசியும், வருஷா வருஷம் போடுகிற இன்ஃபுளுயென்சா ஊசியும், குழந்தைகளுக்குக் கிடைப்பது போல எல்லா முதியவர்களுக்கும் இலவசமாகக் கிடைப்பதில்லை. தனியார் வைத்தியரிடம் ஆயிரக்கணக்கில் ஆகிறது. மாதப் பென்ஷனை எண்ணிச் செலவழிக்கிற அப்பாயிக்கு அது கட்டுபடி ஆகுமா? மூட்டை தூக்குகிற மகன்தான் சேர்த்துவைத்துப் போட்டார். "அந்தக் காசுக்கு ரெண்டு ஆடு வாங்கியிருக்கலாம்" என்று அப்பாயி இன்னும் முணுமுணுக்கிறார்.

மகன் மறுபடி கோயம்பேட்டில்தான் இருக்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அவரிடமிருந்து போன் வந்தது. சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்ற விசாரணைகள் முடிந்தன.

"வெள்ளிக்கிழமை வர்றியா? சரி. மூக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார் அப்பாயி. அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்ததோ தெரியவில்லை. "அப்ப அடுத்த வெள்ளிக்கிழமை வா. இல்லே, வந்துட்டியானா திண்ணையிலே படு. பாய் எடுத்துப் போட்டு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

பிறகு உள்ளே போய், எங்களுக்காக மோர் கொண்டுவந்தார். ஓவியரின் டம்ளரை மட்டும் திண்ணைக் கோடியில் தனியாக வைத்தார்.